கேள்வி–பதில்: கண்ணில் படாத மைக் கான்லி

சென்ற இதழில், "அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் தகுதிக்கேற்ற புகழ் கிடைக்காத ஆட்டக்காரர் என்று யாரைச் சொல்வீர்கள்?" எனத் தோவாளையிலிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது. "மைக் கான்லி" என்று இரண்டே சொற்களில் பதில் எழுதியிருந்தேன். அந்தச் சிக்கனம் குமரி மாவட்டத்து வாசகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. வந்த கடிதங்களில் சில விளக்கம் கேட்கின்றன, சில சண்டைக்கே வருகின்றன. ஆகவே இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன். திரைப்படக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாசகர், வடசேரி, நாகர்கோவில்:
கூடைப்பந்து என்றால் ஜோர்டன், கோபி பிரயன்ட், லெப்ரான், கர்ரி என்ற நான்கு பெயர்களோடு என் அறிவு முடிந்துவிடுகிறது. இந்த மைக் கான்லி யார்? எதை வைத்து அவர் பெயரைச் சொன்னீர்கள்?

பதில்: 1987-ஆம் ஆண்டு அர்க்கன்சா மாநிலத்தில் பிறந்து இண்டியானாபொலிஸ் நகரில் வளர்ந்தவர் மைக் கான்லி. பள்ளியில் அவருடைய அணித்தோழராக இருந்தவர் கிரெக் ஓடன் என்னும் ஏழடி உயரக்காரர். இருவரும் ஒன்றாகவே ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முதல் ஆண்டிலேயே அந்த அணியைத் தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை கொண்டுசென்று, அங்கே ஃபுளோரிடாவிடம் தோற்றார்கள். 2007-இல் என்.பி.ஏ. அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுத்தபோது ஓடன் முதலாவதாகவும், கெவின் டுரான்ட் இரண்டாவதாகவும், கான்லி நான்காவதாகவும் எடுக்கப்பட்டார்கள். எல்லோரும் எதிர்பார்த்திருந்த ஓடனை அவருடைய முழங்கால்கள் 105 ஆட்டங்களுக்கு மேல் ஆடவிடவில்லை. அவருக்குப் பந்து கொடுத்துக்கொண்டிருந்த ஆறடிப் பையன் ஆயிரம் ஆட்டங்களைத் தாண்டினார்.

கான்லியை எடுத்த மெம்பிஸ் கிரிஸ்லீஸ் அணி, அதுவரை பிளே-ஆஃப் சுற்றில் (வழக்கமான பருவம் முடிந்தபின் முன்னணி அணிகள் பட்டத்துக்காக மோதும் சுற்று) ஆடிய 12 ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. 2011-இல் மேற்குப் பிரிவின் எட்டாவது அணியாக உள்ளே நுழைந்து, முதலிடத்தில் இருந்த சான் அன்டோனியோ ஸ்பர்ஸை, நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவருக்கே வெற்றி என்ற தொடரில் 4–2 என்று வீழ்த்தியது. 2013-இல் அந்தப் பிரிவின் இறுதிச் சுற்றையும் எட்டியது. மார்க் கசோல், ஸாக் ராண்டால்ஃப், டோனி ஆலன் ஆகியோர் நிறைந்திருந்த அந்த அணியில், பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டு கான்லிதான். 12 பருவங்களுக்குப் பிறகு 2019-இல் யூட்டா ஜாஸ் அணிக்கு அவர் மாற்றப்பட்டபோது, மெம்பிஸ் அணி வரலாற்றில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர், அதிக அசிஸ்ட்கள் (தோழர் புள்ளி எடுக்க வழிசெய்த கொடுப்புகள்) கொடுத்தவர், அதிக முறை பந்தைப் பறித்தவர் என்ற மூன்று இடங்களிலும் அவர் பெயரே இருந்தது. ஆனால் அந்த 12 பருவங்களில் ஒருமுறைகூட, சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி நடத்தும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை.

அவர் பெயரைச் சொல்வதற்கு இந்த முரண் ஒன்றே போதும் என்றாலும், என் காரணம் இதற்கும் சற்று முந்தியது. கூடைப்பந்து பார்க்கும்போது நம் கண் வளையத்தின் மேலேயே இருக்கிறது. கான்லியின் வேலையோ, பந்து வளையத்தை அடைவதற்கு இரண்டு மூன்று நொடிகள் முன்னதாகவே முடிந்துபோகிறது.

கல்லூரி மாணவர், குலசேகரம்:
அப்பா ரப்பர் பால்வெட்டு முடித்துத் திரும்புகிற நேரத்தில் நான் கைப்பேசியில் என்.பி.ஏ. பார்த்துக்கொண்டிருப்பேன். உங்கள் பதிலைப் படித்துவிட்டுத் துண்டுக் காட்சிகளில் கான்லியைத் தேடினேன். மற்றவர்கள் எம்பிக் குதித்து வளையத்துக்குள் பந்தை அழுத்திப் போடும் டங்க்குகளுக்கு முன்னால் ஒரு கணம் தெரிந்துவிட்டு மறைகிறார். அவரை எப்படித்தான் பார்ப்பது?

பதில்: தம்பி, துண்டுக் காட்சிகளை விட்டுவிடுங்கள். ஏதேனும் ஒரு முழு ஆட்டத்தின் ஒரு கால்பகுதியை, அதாவது 12 நிமிடங்களை, அவருக்கென்றே ஒதுக்கிக்கொள்ளுங்கள். பந்து அவர் கையை விட்டுப் போன பிறகும் கண்ணை அவரிடமிருந்து எடுக்காதீர்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது பிக் அண்ட் ரோல் என்னும் ஆட்டமுறை. அணியின் உயரமான தோழர் ஒருவர் வந்து, கான்லியைக் காவல் காப்பவரின் வழியை மறித்து நிற்பார். அந்த மறிப்பைச் சுற்றிக்கொண்டு கான்லி உள்ளே நுழைகிற கணத்தில், பந்தைப் பிடிப்பது யார், உயரக்காரருடன் ஓடுவது யார் என்று எதிரணியின் இருவருக்குள் ஒரு சிறு குழப்பம் பிறக்கும். பெரும்பாலான இளம் ஆட்டக்காரர்கள் அந்த இடத்தில் வேகத்தைக் கூட்டுவார்கள், கான்லி குறைப்பார். துரத்தி வருகிறவரைத் தம் முதுகுக்குப் பின்னாலேயே நிறுத்திவைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் உயரக்காரர் அடுத்த அடியை முன்னே வைக்கிறாரா பின்னே வைக்கிறாரா என்று பார்த்தபடி ஓரிரு முறை பந்தைத் தட்டுவார். முன்னே வைத்தால், வளையத்தை நோக்கி ஓடுகிற தோழரின் கைக்கு எட்டுமாறு பந்து மேலே தூக்கி எறியப்படும். யூட்டாவிலும், பிறகு மின்னசோட்டாவிலும், ஏழடிக்கு மேல் உயரமுள்ள ரூடி கோபேருக்கு அவர் இப்படிக் கொடுத்த பந்துகளைத்தான் நீங்கள் டங்க்குகளாகப் பார்த்திருப்பீர்கள். காட்சித் துண்டு கோபேரின் கையில் பந்து சேரும்போது தொடங்குவதால், அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் வெட்டுப்பட்டுப் போகிறது.

உயரக்காரர் பின்னே அடி வைத்தாரென்றால் ஃப்ளோட்டர் வரும். ஓட்டத்தை முழுதாக நிறுத்தாமலேயே, ஒற்றைக் கையால் பந்தை உயரமாக மிதக்கவிட்டு, மறிக்க நீளும் கைக்கு மேலே அனுப்பி, பத்தடி உயரத்து வளையத்துக்குள் மெல்ல இறங்கச் செய்கிற எறிதல் அது. குள்ளமானவர்கள் இந்த விளையாட்டில் பிழைத்துக்கிடக்கக் கண்டுபிடித்த வழி என்றே சொல்லலாம். கான்லி தொலைவிலிருந்து எறியும்போது இடக்கைக்காரர், ஃப்ளோட்டரையோ பெரும்பாலும் வலக்கையால் விடுகிறவர். எந்தக் கையை மறிப்பது என்று எதிராளி தீர்மானிப்பதற்குள் பந்து போய்விட்டிருக்கும்.

இன்னொன்று, அவர் செய்யாதவை. 2023–24 பருவத்தில் மின்னசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணிக்கு ஆடியபோது அவருக்கு வயது 36. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 6 அசிஸ்ட்கள் கொடுத்தார். எதிரணியிடம் பந்தை இழந்தது சராசரியாக 1.3 முறைதான். தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்களில் 44 விழுக்காடு உள்ளே விழுந்தன. பந்தை இழக்காமல் இருப்பதைத் திரையில் காட்ட எந்த ஒளிப்பதிவாளராலும் முடியாது.

அதே பருவத்தின் பிளே-ஆஃப் சுற்றில் நடந்ததைச் சொல்கிறேன். நடப்புச் சாம்பியன் டென்வர் நக்கெட்ஸுக்கு எதிரான தொடர் 2–2 என்று நின்றிருந்தபோது, காலில் ஏற்பட்ட வலியால் ஐந்தாவது ஆட்டத்தில் கான்லி ஆடவில்லை. ஆந்தனி எட்வர்ட்ஸ் என்னும் 22 வயது நட்சத்திரமே பந்தைக் கொண்டுவரவும் வேண்டியிருந்தது, புள்ளி எடுக்கவும் வேண்டியிருந்தது. டென்வர் 112–97 என்று வென்றது. ஆறாவது ஆட்டத்தில் கான்லி திரும்பினார். மின்னசோட்டா 115–70 என்று வென்றது. 45 புள்ளி வித்தியாசத்தை ஒரு மனிதர் பேரில் எழுதிவைப்பது அபத்தம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எட்வர்ட்ஸ் அன்று எவ்வளவு இலகுவாக ஆடினார் என்பதை அந்த இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நீங்களே கண்டுகொள்வீர்கள். ஏழாவது ஆட்டத்தில் 20 புள்ளிகள் பின்தங்கியிருந்து மீண்டு, 98–90 என்று வென்று தொடரையும் கைப்பற்றினார்கள்.

வணிகர், மார்த்தாண்டம்:
2016-இல் இவருக்கு ஐந்தாண்டுகளுக்கு 153 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கிடைத்ததாகவும், அன்றைக்கு என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதுதான் மிகப் பெரிய ஒப்பந்தம் என்றும் என் மகன் சொல்கிறான். ஆயிரம் கோடி ரூபாய் வாங்கியவரைப் போய் மதிப்புக் கிடைக்காதவர் என்கிறீர்களே ஐயா, நியாயமா?

பதில்: உங்கள் மகன் சொன்னது சரி. அன்றைய மாற்று விகிதத்தில் உங்கள் கணக்கும் சரி. அவருடைய வறுமைக்காக நான் கண்ணீர் விடவில்லை. அப்படி விட்டால் மார்த்தாண்டம் கடைத்தெருவில் என்னைச் சிரிப்பார்கள்.

ஆனால் அந்தத் தொகை ஏன் அவ்வளவு பெரியதாயிற்று என்பதைப் பார்க்க வேண்டும். 2016–17 பருவத்தில் தொடங்கிய புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் மதிப்பு ஒன்பது ஆண்டுகளுக்கு 24 பில்லியன் டாலர். அதன் விளைவாக, ஒவ்வோர் அணியும் சம்பளத்துக்குச் செலவிடத்தக்க உச்சவரம்பு ஒரே ஆண்டில் 70 மில்லியனிலிருந்து 94 மில்லியனுக்குத் தாவியது. அந்தக் கோடையில் யாருடைய ஒப்பந்தம் முடிந்திருந்ததோ அவர்களுக்கெல்லாம் அடைமழை. மெம்பிஸ் அவருக்கு முழுத்தொகை கொடுத்தது அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களின் மதிப்பீடு. வெளியில் இருந்தவர்கள் அன்று பேசியதெல்லாம், "ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் ஆகாதவருக்கு இவ்வளவா?" என்பதுதான். ஆக, அந்தப் பணத்தோடு சேர்ந்து கேலியும் வந்தது. இதற்கு முன்னரே, 2010-இல் ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 45 மில்லியன் டாலர் என்று அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்தபோதும் இதே ஏளனம் எழுந்தது. அந்த ஐந்தாண்டுகள் முடிவதற்குள் என்.பி.ஏ.-வில் மலிவாகக் கிடைத்த நல்ல ஆட்டக்காரர்களில் ஒருவராக அவர் ஆகியிருந்தார்.

வாசகர், கோட்டாறு:
12 ஆண்டுகள் ஆல்-ஸ்டார் வாய்ப்பு மறுக்கப்பட்டதற்கு யார் காரணம்? சதியா?

பதில்: சதி இல்லை. தலையெழுத்து என்று வேண்டுமானால் சொல்லலாம், அதுவும் பாதிதான். ஆல்-ஸ்டார் ஆட்டம் கிழக்குப் பிரிவு, மேற்குப் பிரிவு என்று பிரித்துத் தேர்வு செய்யப்பட்டது. கான்லி உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் மேற்குப் பிரிவின் கார்டு வரிசையில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று பாருங்கள்: கிறிஸ் பால், டோனி பார்க்கர், ரசல் வெஸ்ட்புரூக், ஸ்டீஃபன் கர்ரி, ஜேம்ஸ் ஹார்டன், டேமியன் லில்லார்டு, இவர்களோடு கோபி பிரயன்ட். கிழக்குப் பிரிவில் ஓர் அணிக்கு ஆடியிருந்தால் இரண்டு மூன்று முறையாவது தேர்வாகியிருப்பார் என்பது என் எண்ணம்.

மற்றொரு காரணம் மெம்பிஸ் ஆடிய விதம். அந்த அணி வேண்டுமென்றே மெதுவாக ஆடியது, எதிரணியையும் மெதுவாக்கியது. ஓர் ஆட்டத்தில் பந்து கைமாறும் தடவைகள் குறைந்தால் எல்லோருடைய புள்ளிகளும் அசிஸ்ட்களும் சேர்ந்தே குறையும். அவர் 2013-இல் தற்காப்புக்கான இரண்டாம் சிறப்பணியில் இடம்பெற்றார். அதே ஆண்டில் அவர் அணி 56 ஆட்டங்களில் வென்றது. ஆயினும் புள்ளிப் பட்டியலை மேலிருந்து கீழே வாசிக்கிறவரின் விரல் அவர் பெயரை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடும். மெம்பிஸ் ஒரு சிறிய ஊர் என்பதும், நாடு முழுக்க ஒளிபரப்பாகும் ஆட்டங்கள் பெரும்பாலும் பெரிய ஊர் அணிகளுக்கே போய்ச் சேரும் என்பதும் தெரிந்த கதைதான்.

2021-இல், தம் 14-ஆவது பருவத்தில், 33 வயதில் அவருக்கு அழைப்பு வந்தது. அதுவும் காயமடைந்த டெவின் புக்கருக்கு மாற்றாக. அட்லாண்டாவில் அன்றைக்கு நடந்த மூன்று புள்ளிப் போட்டியிலும் புக்கரின் இடத்திலேயே நின்று, இறுதிச் சுற்று வரை போய், 27 புள்ளிகள் எடுத்தார். கர்ரி கடைசிப் பந்தைப் போட்டு 28 எடுத்தார்.

வாசகர், ஆரல்வாய்மொழி:
ஒலிம்பிக்கில் மும்முறைத் தாண்டலில் தங்கம் வென்ற மைக் கான்லி என்று ஒருவர் உண்டே. அவரும் இவரும் ஒருவரா?

பதில்: அவர் தந்தை, இவர் மகன், பெயர் ஒன்று. தந்தை 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெள்ளியும், 1992 பார்சலோனாவில் தங்கமும் வென்றவர். பார்சலோனாவில் அவர் தாண்டிய தூரம் 18.17 மீட்டர். அன்றைய உலக சாதனை 17.97 மீட்டர்தான். ஆனாலும் அவருடைய தாண்டல் உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. முதுகுப் பக்கமிருந்து வீசும் காற்று நொடிக்கு 2.0 மீட்டருக்குள் இருந்தால்தான் சாதனைப் பட்டியலில் சேர்ப்பார்கள். அன்று வீசியது 2.1. பதக்கத்துக்கு இந்த விதி கிடையாது என்பதால் தங்கம் தங்கமாகவே இருந்தது. காற்றாலைகளுக்கு நடுவில் வாழ்கிற உங்களுக்குக் காற்றின் குணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. கணக்கில் ஏறாத திறமை அந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

கால்பந்து இரசிகர், தூத்தூர்:
எங்கள் கடற்கரையில் கால்பந்துதான் எல்லாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இவர் ஒரு நடுக்கள ஆட்டக்காரர் போலத் தெரிகிறார். சரிதானா?

பதில்: பெரும்பாலும் சரி. கால்பந்தில் கோல் அடிப்பவருக்கு இரண்டு தட்டல் முன்னதாகப் பந்தைத் திசைதிருப்பி விட்டவரைப் போன்றவர்தான். உங்கள் ஊர்ப் பாணியிலேயே சொல்வதானால், கரமடி வலை இழுக்கும்போது கரையில் கூடியிருப்பவர்கள் எல்லோரும் மடியில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். வள்ளத்தில் போய் வலையை வளைத்து விட்டவரை அந்த நேரத்தில் யாரும் தேடுவதில்லை.

ஒரு வேறுபாடு உண்டு. கூடைப்பந்தில் ஐந்தே பேர், 24 நொடிகளுக்குள் எறிந்தாக வேண்டும். ஆகவே நடுக்களத்தில் ஒளிந்துகொள்ள முடியாது; தேவைப்படும்போது அவரே எறிந்தும் ஆக வேண்டும். 2017-இல் சான் அன்டோனியோவுக்கு எதிரான நான்காவது பிளே-ஆஃப் ஆட்டத்தில் கான்லி 35 புள்ளிகள் எடுத்தார். கூடுதல் நேரத்துக்குப் போன அந்த ஆட்டத்தில் வெற்றி எறிதலைப் போட்டவர் மார்க் கசோல். அடுத்த நாள் படங்களில் இருந்தவரும் அவரே.

இல்லத்தரசி, இரணியல்:
அவருக்குக் கிடைத்த விருதுகள் எல்லாம் நல்ல நடத்தைக்காகவே கொடுக்கப்பட்டவை என்று படித்தேன். அப்படியென்றால் அவர் நல்ல மனிதர் என்பதற்காகத்தான் கொண்டாடுகிறீர்களா?

பதில்: இந்த முறை வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பண்பான ஆட்டத்துக்கான என்.பி.ஏ. விருதை அவர் 2014, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் பெற்றார். சிறந்த அணித்தோழருக்கான ட்வைமன்–ஸ்டோக்ஸ் விருதை 2019-இலும் 2024-இலும் பெற்றார். இரண்டுக்கும் வாக்களிப்பவர்கள் சக ஆட்டக்காரர்கள். நடுவர்களிடம் கத்தி டெக்னிக்கல் ஃபவுல் வாங்குவது நட்சத்திரங்களுக்கு அன்றாட வழக்கமாகிவிட்ட ஒரு போட்டியில், அது வாங்காதவர் என்றே பெயரெடுத்தவர் அவர்.

அணித்தோழர் விருதின் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. சற்று விலகினாலும் சொல்லிவிடுகிறேன். சின்சினாட்டி ராயல்ஸ் அணியின் மோரிஸ் ஸ்டோக்ஸ் 1958-இல் ஆட்டத்தின்போது விழுந்து தலையில் அடிபட்டு, சில நாள்களில் நினைவிழந்து, பிறகு உடல் முழுதும் செயலிழந்துபோனார். அவருடைய அணித்தோழர் ஜாக் ட்வைமன் சட்டப்படி அவருக்குக் காப்பாளராகி, சிகிச்சைக்குப் பணம் திரட்டி, 1970-இல் ஸ்டோக்ஸ் இறக்கும்வரை கைவிடாமல் பார்த்துக்கொண்டார்.

இந்த விருதுகளே கான்லிக்கு ஒரு வகையில் பாதகம் செய்தன என்பது என் கருத்து. ஒருவரை "நல்லவர்" என்று சொல்லத் தொடங்கியவுடன் நாம் அவருடைய திறமையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுகிறோம். கல்யாண வீட்டில் "பெண் அடக்கமானவள்" என்று சொல்லி அவள் படிப்பை விட்டுவிடுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கான்லி கடுமையான போட்டியாளர். 2016 நவம்பரில் முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டபோது, அந்தப் பருவத்திலேயே, ஒரே மாதத்துக்குள் களத்துக்குத் திரும்பியவர். அடக்கத்துக்காக யாரும் ஒருவரை முதுகெலும்பு வலியோடு ஆடச் சொல்வதில்லை.

வாசகர், கருங்கல்:
உங்கள் பதிலோடு நான் உடன்படவில்லை. 2020-இல் டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் எறிந்து தவறவிட்டவர் இவர்தானே? சாம்பியன் பட்டமும் கிடையாது. ஜுரூ ஹாலிடேயைச் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

பதில்: தவறவிட்டார், உண்மைதான். டென்வர் 80–78 என்று முன்னால் நின்றபோது அவர் எறிந்த மூன்று புள்ளிப் பந்து வளையத்துக்குள் பாதி இறங்கி வெளியே உருண்டது. 3–1 என்று முன்னிலையில் இருந்த தொடரை யூட்டா இழந்தது. அந்தத் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு அவர் குழந்தை பிறப்புக்காக வீட்டுக்குப் போயிருந்தார் என்பதையும், திரும்பிவந்த மூன்றாவது ஆட்டத்தில் 27 புள்ளிகள் எடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. அடுத்த பருவத்தில் யூட்டா 52–20 என்று என்.பி.ஏ.-விலேயே முதலிடத்தில் முடித்தது. பிளே-ஆஃபில் கிளிப்பர்ஸுக்கு எதிரான ஆறு ஆட்டங்களில் ஐந்தில் கான்லி தொடைத் தசைக் காயத்தால் ஆடவில்லை, அணி வெளியேறியது. அவர் இருந்திருந்தால் வென்றிருப்பார்கள் என்று நான் வாதாட மாட்டேன், அது நிரூபிக்க முடியாத பேச்சு. 2024-இலும் 2025-இலும் மின்னசோட்டாவோடு மேற்குப் பிரிவு இறுதிச் சுற்று வரை போய், இரண்டு முறையும் 1–4 என்று தோற்றார்.

ஜுரூ ஹாலிடே அருமையான ஆட்டக்காரர், ஐயமில்லை. ஆனால் 2021-இல் மில்வாக்கியோடும் 2024-இல் பாஸ்டனோடும் பட்டம் வென்ற பிறகு அவரைக் குறைத்து மதிப்பவர்கள் யாரும் எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. குறைத்து மதிக்கப்பட்டவர் என்று நான் சொன்னதால் கான்லி கர்ரிக்கு நிகர் என்று ஆகிவிடாது. அவர் முதல் வரிசைக்காரர் அல்லர். இரண்டாம் வரிசையின் தலைமாட்டில் இருக்க வேண்டியவரை ஐந்தாம் வரிசையில் தேட வேண்டியிருக்கிறது என்பதே என் வழக்கு.

உடற்கல்வி ஆசிரியை, தக்கலை:
எங்கள் பள்ளி மாணவியர் அணியில் எல்லோருக்கும் புள்ளி எடுக்கத்தான் ஆசை. பந்தைக் கொடுக்கச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. கான்லியைக் காட்டி அவர்களுக்கு ஏதேனும் சொல்லிக்கொடுக்க முடியுமா?

பதில்: அம்மா, கான்லியின் பெயரைச் சொல்லி அறிவுரை வழங்கினால் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். குறிப்பேட்டை மாற்றிப் பாருங்கள். பயிற்சி ஆட்டங்களில் நாம் புள்ளிகளை மட்டும் குறித்துவைக்கிறோம், அவர்களும் அதையே எண்ணுகிறார்கள். இரண்டு கட்டங்களைக் கூடுதலாகப் போடுங்கள். ஒன்றில், எறிதலுக்கு வழிசெய்த பந்தைக் கொடுத்தவரின் பெயர். எறிந்தவள் தவறவிட்டாலும் கொடுத்தவளுக்கு மதிப்பெண் உண்டு, ஏனெனில் அவள் தன் வேலையைச் சரியாகவே செய்தாள். மற்றொன்றில் பந்தை எதிரணியிடம் இழந்த கணக்கு. ஆட்டம் முடிந்ததும் மூன்றையும் உரக்க வாசியுங்கள். என்.பி.ஏ. அணிகளே இன்று அசிஸ்ட்டுக்கு முந்திய பந்தையும், வழிமறித்து நின்று புள்ளிக்கு உதவியவரையும் தனித்தனியே கணக்கெடுக்கின்றன. எண்ணப்படுவதைத்தான் பிள்ளைகள் செய்வார்கள்.

கையாளும் திறனுக்கு, ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும் எழுதாத கையால் மட்டும் பந்தைத் தட்டி வந்து, வளையத்துக்கு ஏழெட்டு அடி முன்னால் அதே கையால் மிதக்கவிடச் செய்யுங்கள். திறந்தவெளி சிமெண்டுத் தளத்தில் ஆடுகிறவர்களுக்கு, நீண்ட எறிதலைவிட இந்தக் கிட்டத்து எறிதல் காற்றுக்கு அதிகம் அசையாது. உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள ஆயுதம் இல்லை.

முன்மாதிரிக்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைமை ஏற்றவர். ஒன்பது ஆசியச் சாம்பியன் போட்டிகளில் நாட்டுக்காக ஆடியவர். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் படத்தைக் காட்டி இவர் யார் என்று உங்கள் மாணவியரிடமே கேட்டுப் பாருங்கள். கிடைக்கிற பதிலை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.

வாசகர், சுசீந்திரம்:
ஒரே ஓர் ஆட்டம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

பதில்: 2015 மே 5-ஆம் தேதி ஓக்லாந்தில் நடந்த, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு எதிரான இரண்டாவது பிளே-ஆஃப் ஆட்டம். பத்து நாள்களுக்கு முன் போர்ட்லாந்துடன் ஆடியபோது எதிராளியின் முழங்கை பட்டு கான்லியின் முகத்தில் எலும்புகள் முறிந்து, அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. ஒரு கண் இரத்தச் சிவப்பாக இருக்க, முகமூடி அணிந்து களமிறங்கினார். அந்தப் பருவத்தில் சொந்தக் களத்தில் 41 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே தோற்ற அணி வாரியர்ஸ். ஆட்டம் தொடங்கும் முன் கர்ரிக்கு ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் கோப்பையை வழங்கினார்கள். கான்லி 22 புள்ளிகள் எடுத்தார்; மெம்பிஸ் 97–90 என்று வென்றது. அடுத்து வந்த ஆட்டங்களில் வாரியர்ஸ் மீண்டு தொடரை 4–2 என்று வென்று, சாம்பியனும் ஆனார்கள். ஆகவே தொடர் முழுவதையும் பார்க்கத் தேவையில்லை. அந்த ஆட்டத்தில் முதல் கால்பகுதியை மட்டும் தவறவிடாதீர்கள்; முகமூடி போட்டவர் என்பதால் இந்த ஒருமுறை அவரைக் கூட்டத்தில் எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம்.